கடும்பிணியாளர்க்கு மருந்து தெரிதல்

மருந்து என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம்மவர் மனத்தில் தோன்றுவன ஒரு நோயும் அதற்கென்று அமைந்த ஒரு பொருளுமே. காய்ச்சலுக்கு இது, வயிற்றுப்போக்குக்கு அது என வாய்ப்பாடு போல் ஒப்பிக்கும் வழக்கம் கற்றோரிடத்தும் கல்லாதோரிடத்தும் ஒருங்கே காணப்படுகின்றது. சிறு பிணிகளில் இவ்வாய்ப்பாடு பெரும்பாலும் தீங்கின்றி நடைபெறும்; தவறினும் திருத்திக்கொள்ள நாள் உண்டு. ஆயின், நாடி தளர்ந்து, மூச்சு முட்டி, அறிவு கலங்கிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொணரப்பட்டவனிடத்து அது செல்லாது. அங்கே தெரிய வேண்டுவன யாவும் சிறு பொழுதிற்குள் தெரியப்படல் வேண்டும்; தெரிவு பிழைபடின் அதுவே அவன் உயிர்க்கு இறுதியாதலுங் கூடும்.

அந்நிலையில் மருந்து எங்ஙனம் தெரியப்படுகின்றது என்பதனையே யாம் இவ்வியாசத்திற் கூறப் புகுந்தோம். வைத்தியம் பயிலச் செல்லக் கருதும் மாணாக்கர்க்கு இஃது ஒரு முன்னறிவாகும். ஏனையோர்க்கு, தம் உறவினரின் கட்டிலருகே நிற்க நேருங்கால், வைத்தியர் செய்வதும் செய்யாது விடுவதும் ஏன் என விளங்குதற்கு ஒரு துணையாகும். இதனைப் படித்துத் தாமே மருந்து கொடுக்கத் துணிவார் நம்முள் எவரும் இலர் என்றே நம்புகின்றோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தினை அளிப்பவன் என வைத்தியத்தை நான்கு கூறாக்கினர். நான்கனுள் முதலிடம் பெற்றவன் நோயுற்றவனே என்பது நோக்கத்தக்கது. கடும்பிணியில் மருந்து தெரியப்படுவது நோயின் பெயருக்கு மட்டுமன்று. அந்நோயாளி அந்நேரத்தில் எந்நிலையில் இருக்கின்றான் என்பதற்கேயாம். ஒரு மருந்தே காலையில் உயிர்காப்பதாயும் மாலையில் வேண்டாததாயும், ஒருவனுக்கு அமுதாயும் மற்றொருவனுக்கு நஞ்சாயும் முடிதல் இதனாலேயே.

சில நிலைகளில் நெடிய ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. பெனிசிலின் ஊசியாலோ, குளவி கொட்டினமையாலோ, ஒவ்வாத உணவாலோ சிலருக்குச் சில நிமிஷங்களுக்குள் உடலெங்கும் தடிப்பு எழுந்து, தொண்டை வீங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஒன்றே. வயது வந்தோர்க்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புற நடுத்தசையில் ஊசியாகச் செலுத்தப்படும். நிலை தேறாவிடின் ஐந்து நிமிஷங் கழித்து மீண்டும் செலுத்தப்படும். அது தளர்ந்த குருதிக் குழாய்களை இறுக்கி, சுருங்கிய மூச்சுக் குழல்களை விரிக்கும். அரிப்பை அடக்கும் ஊசியை முதலிற் போட்டு, அட்ரினலினுக்கு அஞ்சிக் காத்திருக்கும் வழக்கம் இன்றும் சிலவிடத்து உண்டு. அரிப்பு மருந்து அரிப்பை அடக்குமேயன்றி, அடைபடும் தொண்டையைத் திறவாது. அட்ரினலினுக்கு அஞ்சுவதிலும் அதனைத் தாழ்த்துவதற்கே அஞ்சுதல் வேண்டும்.

இனி, எல்லா இடத்தும் விரைவே சிறந்தது என்று கொள்ளற்க. நம் நாட்டிற்கே உரியதோர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என 2020-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுள்ளது. இஃது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 ஆகும். இங்கே செய்யப்படும் விஷமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கன் விஷத்திற்கும் பொதுவானது. குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து அதனை ஆக்குவர். அதற்கு வேண்டும் விஷத்தின் பெரும்பகுதியை நெடுங்காலமாக அளித்து வந்தது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கமாகும்.

மருந்து ஒன்றேயாயின் தெரிதற்கு யாதுளது எனின், கொடுப்பதோ கொடாது விடுவதோ என்பதே ஈண்டுத் தெரிவு. கடித்தது நல்லபாம்பே என ஐயமற அறிந்தவிடத்தும், விஷம் ஏறியமைக்கு அடையாளம் இல்லையேல் வைத்தியர் விஷமுறியைத் தொடார். பல்பட்டும் விஷம் இறங்காத கடிகள் உண்டு. மருந்தோ குதிரையின் குருதியிலிருந்து வந்தது. அதுவே மேற்கூறிய ஒவ்வாமைப் பெருந்தீங்கினை விளைத்தல் கூடும். ஆதலின், அட்ரினலினை ஊசியில் ஏற்றி அருகே வைத்துக்கொண்டே அதனைச் செலுத்துவர். அடையாளங்களைத் தேடும் முறை மிக எளிது. தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் குருதியைச் சிறிது விட்டு, 20 நிமிஷம் அசையாது வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். உறையாது ஓடின் விரியன் விஷம் குருதியிற் கலந்தது என்பது துணிபு. இமை தாழ்தல், விழுங்க இயலாமை, கழுத்து நிமிராமை என்பன நல்லபாம்பு, கட்டுவிரியன் இவற்றின் விஷம் ஏறியமையைக் காட்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியும் இராது, தழும்பும் தெரியாது. விடியலில் வயிற்றுவலி என்று வந்தவனுடைய இமை தாழ்ந்திருக்கின்றதா என நோக்காத வைத்தியர் வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவர்.

அடையாளம் கண்டபின் தயக்கம் ஆகாது. முதற்கண் 8 முதல் 10 குப்பிகள் சிரைவழி ஏற்றப்படும். குழந்தைக்கும் அதே அளவுதான். ‘சிறுவனுக்கு ஏன் இத்துணை?’ எனப் பெற்றோர் அஞ்சுவர். பாம்பு, கடிபட்டவன் சிறுவன் என்று கருதி விஷத்தைக் குறைத்து இடுவதில்லை. மருந்து முறிக்க வேண்டுவது சிறுவனையன்று, விஷத்தையே. பிற மருந்துகள் உடலின் எடைக்கேற்ப அளக்கப்பட, இஃதொன்று பாம்பின் எடைக்கேற்ப அளக்கப்படுகின்றது எனலாம்.

இம்மருந்துக்கும் எல்லை உண்டு. குருதியில் உலவும் விஷத்தை அது முறிக்கும். நரம்பின் நுனியில் முன்னரே பற்றிய கட்டுவிரியன் விஷத்தை அது பெயர்க்கமாட்டாது. அந்நோயாளிக்கு வேண்டுவது மேலும் பல குப்பிகளன்று. நரம்பு தானே ஆறி எழுங்காறும் மூச்சினை இயக்கும் பொறி ஒன்றே. நல்லபாம்பின் விஷத்தால் சோர்ந்த தசையை நியோஸ்டிக்மின் என்னும் மருந்து பெரும்பாலும் எழுப்பும். கட்டுவிரியன் கடியில் அது பெரிதும் பயன்படாது. மேலும், கேரளத்திலும் இலங்கையிலும் உள்ளதாய், மூக்கின் நுனி மேல்நோக்கி எழுந்ததாய ஒருவகைக் குழிவிரியன் உண்டு. அதன் கடிக்கு நம் நால்வகை விஷமுறி உதவாது. உதவாத மருந்தைக் கொடுப்பின் நோயாளி பெறுவது அதன் தீங்கு மாத்திரமே.

காய்ச்சலோடு இரத்த அழுத்தமும் வீழ்ந்து வருவோர்பால் தெரிவு வேறுவகைப்படும். எக்கிருமி எனக் காட்டும் குருதிச் சோதனை முடிவதற்கு இரண்டு மூன்று நாள் செல்லும். நோயாளிக்கோ அத்துணை நாள் இல்லை. ஆகவே சோதனைக்குக் குருதி எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்தினை ஊகத்தாலேயே தொடங்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு வெளிவந்த சர்வதேச நெறிமுறை. அழுத்தம் வீழாது, நோயும் கிருமியால் வந்ததுதானோ என்னும் ஐயம் உளதாயின், மூன்று மணி நேரம் வரை ஆராய்தற்கு அந்நெறிமுறையே இடந்தருகின்றது.

ஊகம் என்றவுடன் உறவினர் கேட்பது ஒன்று உண்டு: ‘விலை எவ்வளவாயினும் தருகின்றோம், நல்ல மருந்தாகப் போடுங்கள்.’ இவ்வேண்டுகோளின் பின்னுள்ள அன்பினை யாம் மதிக்கின்றோம். ஆயினும் மருந்தின் நன்மை அதன் விலையில் இல்லை. தமிழ்நாட்டில் மழைக்காலத்தும் பனிக்காலத்தும் மிகும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சலைப் பாருங்கள். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணியின் இளம்பருவப் புழு கடித்தலால் இது வரும். கடித்த இடத்தில் சுருட்டால் சுட்டாற்போன்ற கரிய பொருக்கு ஒன்று தோன்றும். அதுவும் கக்கத்திலோ, அரையிலோ, மார்பின் மடிப்பிலோ மறைந்திருக்கும். இக்கிருமி நம் உயிரணுக்களின் உள்ளே குடியிருப்பது. பெனிசிலின் இனத்து மருந்துகளும், அவற்றின் வழிவந்த மெரோபெனம் முதலிய விலையுயர்ந்த மருந்துகளும் அதனை ஒன்றும் செய்யா. அதனை அழிப்பது மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் டாக்சிசைக்ளின். ஆடையைக் களைந்து உடல் முழுவதையும் நோக்கிய ஒரு வைத்தியரின் கண், ஆயிரக்கணக்கான ரூபாய் மருந்தினும் மேலாய்ப் பயன்படுவது இங்கேதான்.

கடுமையான ஸ்க்ரப் டைஃபஸில் டாக்சிசைக்ளின் சிறந்ததா, அஸித்ரோமைசின் சிறந்ததா என்பது நெடுங்காலம் வழக்காய் இருந்தது. வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியார் முன்னின்று, இந்தியாவில் ஏழு வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இரண்டையும் சேர்த்துச் சிரைவழி ஏற்றப்பெற்றவருள் இறப்பு, நீங்காத உறுப்புக்கேடு, தணியாத காய்ச்சல் என்பவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர் நூற்றுக்கு 33 பேர். ஒன்றனையே பெற்றோருள் 47, 48 பேர். இறந்தோர் தொகையை மட்டும் தனியே நோக்கின் வேறுபாடு காணப்படவில்லை என்பதனையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மையாம். நம் ஊர்க் காய்ச்சலுக்கு நம் ஊரிலேயே விடை தேடப்பட்டமை எமக்கு உவகை தருகின்றது.

மருந்து தெரிந்தாயிற்று, அளவு யாது? இளைஞர் பெரிதும் இடர்ப்படும் இடம் இது. கடும்பிணியாளர் பலர்க்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கும். ஜென்டாமைசின், வான்கோமைசின் முதலிய மருந்துகள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவன. ஆதலின் அளவினைக் குறைத்தல் வேண்டும் என நூலிற் படித்தோர், முதல் ஊசியையே குறைத்துவிடுகின்றனர். ஓர் ஏரியை நினைமின். வறண்ட ஏரி நிறைதற்கு வேண்டும் நீர் ஏரியின் கொள்ளளவைப் பொறுத்ததேயன்றி, மதகின் அகலத்தைப் பொறுத்ததன்று. நிறைந்தபின் நாள்தோறும் எவ்வளவு நீர் விட வேண்டும் என்பதே மதகினைப் பொறுத்தது. சிறுநீரகம் மதகு போன்றது. அது அடைபட்டிருப்பினும் முதல் அளவு முழு அளவாகவே இருத்தல் வேண்டும். இரண்டாவது அளவிலிருந்தே குறைத்தலும், இடைவெளியை நீட்டலும் உரியன. சலைன் மிகுதியாக ஏற்றப்பட்டு உடல் வீங்கிய நோயாளியிடத்து ஏரியே அகன்றுவிடுகின்றது. அவனுக்கு முதல் அளவு சற்று மிகுதலும் கூடும். இதனை அறியாது குறைந்த அளவிற் கொடுத்து, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என வேறொன்றுக்குத் தாவுதல் மருந்தின் மேற் பழி சுமத்துவதாகும்.

இதுகாறும் கூறியவற்றில் காரணத்தை அறிந்தால் மருந்தை அறியலாம் என்பது போலத் தோன்றும். அற்றன்று. காரணம் செவ்விதாய் இருந்தும் மருந்து கொல்லுதல் உண்டு. இதற்கு ஸ்டீராய்டு இனத்து மருந்துகளின் வரலாற்றினும் சிறந்த சான்று யாம் அறியோம்.

1948-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தால் முடங்கியவர்க்குக் கார்ட்டிசோன் கொடுத்து அவர் எழுந்து நடக்கக் கண்டார். அதன் பொருட்டு 1950-இல் அவருக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்னும் இருவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. வீக்கத்தை அடக்கும் இம்மருந்து, வீக்கமுள்ள இடமெல்லாம் உதவும் என்பது இயல்பாக எழும் எண்ணமன்றோ? தலையில் அடிபட்டவனுக்கு மூளை வீங்குகின்றது. வீக்கமே அவனைக் கொல்லுகின்றது. ஆகவே ஸ்டீராய்டு கொடுப்போம் எனப் பல வைத்தியர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுத்து வந்தனர். இவ்வாதத்தில் குற்றம் காண்பது அரிது. பின்னர்ப் பல நாடுகளில் தலையடி பட்ட 10,008 பேரைச் சீட்டுக் குலுக்குதல் போல் இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மெதில்பிரட்னிசலோனும் மற்றதற்கு மருந்தற்ற நீரும் ஏற்றி ஆராய்ந்தனர். 2004-இல் முடிவு வெளிவந்தது. இரு வாரத்துள் இறந்தோர், மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 21.1, பெறாதவருள் 17.9. வீக்கத்தைத் தணிக்கும் என எண்ணிக் கொடுத்த மருந்து நூற்றுக்கு மூவரை மிகுதியாகக் கொன்றது.

ஈண்டு மாணாக்கர் ஒன்று சிந்திக்க வேண்டும். நூற்றுவருள் பதினெண்மர் இறப்பதும் இருபத்தொருவர் இறப்பதும் கட்டிலருகே நிற்கும் எவர் கண்ணுக்கும் வேறாய்த் தோன்றா. முப்பது ஆண்டு அனுபவம் உடைய வைத்தியராயினும், தம் அனுபவத்தால் இதனைக் கண்டுபிடித்திருத்தல் இயலாது. ‘எம் கையால் கொடுத்துப் பலர் பிழைத்தனர்’ என்று அவர் கூறுவதும் மெய்யே; கொடாதிருந்தால் இன்னும் சிலர் பிழைத்திருப்பர் என்பதனை அவர் அறிதற்கு வழியில்லை. கூட்டமாகப் பிரித்து எண்ணும் இம்முறையைச் சிலர் ஈரமற்ற கணக்கு என்று இகழ்வர். எமக்கோ, இறந்தும் கணக்கில் வாராது போன அம்மூவர்க்கு ஈரங் காட்டும் முறை இஃதொன்றே எனத் தோன்றுகின்றது.

இனி அதே இனத்து மருந்தின் மறுபக்கம். 2020-ஆம் ஆண்டு கோவிட் நோயிற் பிரிட்டனில் 6,400-க்கு மேற்பட்ட நோயாளிகளிடத்து டெக்ஸாமெத்தசோன் ஆராயப்பட்டது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், பத்து நாள் வரை, விலையோ அற்பம். மூச்சுப்பொறியில் இருந்தோருள் 28 நாளில் இறந்தோர், மருந்து பெறாதவருள் நூற்றுக்கு 41.4 ஆக, பெற்றவருள் 29.3. பிராணவாயு மட்டும் பெற்றுவந்தோருள் அது 26.2-லிருந்து 23.3 ஆகக் குறைந்தது. பிராணவாயுவே வேண்டாதிருந்தோரிடத்தோ பயன் சிறிதும் இல்லை, 14.0-க்கு 17.8 என இறப்பு மிகுந்து, தீங்கு உண்டோ என்னும் ஐயத்தையே எழுப்பிற்று. நோயின் பெயர் ஒன்று, மருந்து ஒன்று, அளவும் ஒன்று. நிலை மட்டுமே வேறு. முதல் நாட்களில் கேடு செய்வது வைரஸ். அப்பொழுது உடலின் எதிர்ப்பினை அடக்குதல் பகைவனுக்குக் கதவு திறப்பதாகும். பின் நாட்களில் நுரையீரலைச் சிதைப்பது உடலின் எதிர்ப்பே. அப்பொழுது அதனை அடக்குதல் உயிர் காப்பதாகும்.

இவ்வேறுபாடு அச்சிட்டு வெளிவந்து ஓராண்டு சென்றபின்னரும், 2021-ஆம் ஆண்டு நம் நாட்டில் நிகழ்ந்ததை நாம் மறத்தல் ஆகாது. படுக்கை கிடையாத அந்நாட்களில், காய்ச்சல் கண்ட முதல் நாளே வீட்டிலிருந்தபடி ஸ்டீராய்டு மாத்திரையை உண்டவர் பலர். மிகுந்த அளவில் உண்டவரும் உளர். நீரிழிவு உடையார்க்கு அது சர்க்கரையை ஏற்றிற்று, எதிர்ப்பினை இறக்கிற்று. கருப்புப் பூஞ்சை என நாம் அஞ்சிய நோய் மூக்கின் வழியே புகுந்து கண்ணையும் மூளையையும் தின்றது. அந்நோய்க்குக் காரணம் அம்மருந்து ஒன்றே என்று கூறோம். நீரிழிவும் அவ்வைரஸும் உடன் நின்றன. ஆயினும் உயிர்காத்த மருந்து எனப் பத்திரிகையிற் படித்த பெயரே, பிராணவாயு வேண்டாதவர் கையிலும் அதனைக் கொண்டு சேர்த்தது.

நோயாளியின் உறவினர் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு; அதனைச் சுருங்கக் கூறுவோம். அவர் வீட்டில் உண்டுவந்த மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்தும் லேகியமும் உட்பட, ஒரு பையிலிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. இரத்த அழுத்தத்துக்கு உண்டுவந்த மாத்திரை, அழுத்தம் வீழ்ந்த நாளில் நிறுத்தப்பட வேண்டியது. நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர்க்கோ திடீரென நிறுத்துதலே ஆபத்து. குருதி உறையாமைக்கு உண்ணும் வார்பரின் பல புதிய மருந்துகளோடு பொருந்தாது. முன்னர் எம்மருந்து ஒவ்வாது போயிற்று என்பதனையும், ஒவ்வாமை என்பது தடிப்பா, மூச்சுத் திணறலா, வெறும் வயிற்றுப் புரட்டலா என்பதனையும் கூறுக. வயிற்றுப் புரட்டலைப் பெனிசிலின் ஒவ்வாமை எனக் குறித்துவிடின், தேவையான நாளில் மிகச் சிறந்த மருந்து அவர்க்கு மறுக்கப்படும்.

வள்ளுவர் நான்காவதாக வைத்த அருகிருப்போரின் பங்கும் சிறிதன்று. பொட்டாசியம் குளோரைடு நீர்க்கலப்பின்றிச் சிரையில் விரைந்து புகின் இதயம் நின்றுவிடும். அதன் குப்பியோ பார்வைக்குப் பிற குப்பிகளைப் போன்றதே. ஆதலின், பல வைத்தியசாலைகளில் அதனை வார்டில் வைக்காது தனியே பூட்டி வைத்து, இரு தாதியர் பெயரும் அளவும் ஒப்பு நோக்கியபின் கொடுக்கும் முறையை ஏற்படுத்தியிருக்கின்றனர்.

தொடங்குதலைப் போலவே நிறுத்துதலும் தெரிவின் பகுதியாகும். சோதனைச்சாலையிலிருந்து கிருமியின் பெயர் வந்தபின், பலவற்றையும் கொல்லும் முதல் மருந்தினை நீக்கி, அதனை மட்டும் கொல்லும் ஒன்றுக்கு மாறுவர். வலி மருந்தும் தூக்க மருந்தும் நாள்தோறும் மறு ஆராய்ச்சிக்கு உரியன. இதில் எளிதில் தப்பிவிடுவது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. மூச்சுப்பொறியில் இருந்த நாளில் வயிற்றுப்புண்ணால் குருதி கசியாமைக்கென அது தொடங்கப்பட்டது. பொறி நீங்கிய அன்றே அதன் தேவையும் பலர்க்கு நீங்கிவிடும். எனினும் அது சீட்டிலிருந்து அடிக்கப்படாமல், வார்டுக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் உடன் சென்று, எதற்கென்று அறியாமலே ஆண்டுக் கணக்காக உண்ணப்படுவதுண்டு. வீடு திரும்பும் நாளில் சீட்டிலுள்ள ஒவ்வொரு பெயரையும் சுட்டி, ‘இது எதற்கு, எந்நாள் வரை?’ என்று வைத்தியரைக் கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.